வேலை அவள் பேரில், பட்டா யார் பேரில்? கரையோர ராமநாதபுரத்துப் பெண் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உப்பூருக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் கண்மாயும் மிளகாய்க் கொல்லையும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பட்டா, வாரிசுச் சான்று, பயிர் இன்சூரன்ஸ் என்று ஏதாவது ஒன்றுக்காக வருவார்கள். மனு ஏறுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இவை. நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987 சட்டத்திலேயே இருக்கிறது.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது? நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்?

இந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொல்கிறவரின் நகக்கண்ணில் கொல்லை மண் இருக்கும். ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் களை, தை மாசியில் கதிர் அறுப்பு, அப்புறம் சித்திரை வரைக்கும் மிளகாய்ப் பழம் பறிப்பு. நடுவில் ஆடு மாடு. இதெல்லாம் சும்மா என்றால் வேலை என்பது எது?

2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் வைத்திருப்பவரை மட்டும் விவசாயி என்று சொல்லவில்லை. குத்தகைக்காரர், வாரத்துக்குப் பயிர் செய்பவர், கூலி வேலை செய்பவர் எல்லோரும் விவசாயிதான் என்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்னதிலிருந்து வந்தது அந்தக் கொள்கை. பிறகு அவரே மாநிலங்களவையில், பெண் விவசாயிக்குக் கிராம சபையின் ஒப்புதலோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை, காலாவதியாகிப் போயிற்று. அந்தச் சான்றிதழ் மட்டும் வந்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதியை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

ஆகவே தைரியமாக 'விவசாயம்' என்று போடுங்கள்.

பட்டா அவர் பேரில் இருந்தால் என்ன? ஒரே உலையில்தானே சோறு பொங்குகிறோம்?

அவர் நல்லவராக இருந்து, ஊரிலும் இருந்து, உயிரோடும் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் சவூதியிலோ மலேசியாவிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார்கள். கொல்லையைப் பார்ப்பது வீட்டுப் பெண்கள். ஆனால் கவர்மெண்டு கேட்பது ஆளை இல்லை, தாளை.

வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் பட்டாதாரருக்குத்தான். பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் (நிலம் யார் பேரில் என்ற கணக்கு) அடங்கலும் (என்ன பயிர் என்ற கணக்கு) வேண்டும், மானிய விலை மிஷினுக்கும் அதே. கண்மாய் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராவதும் நில உரிமையாளர்தான். மடையில் தண்ணீர் வரவில்லை என்று முதலில் தெரிந்துகொள்கிறவள் களைக்குப் போனவள். சங்கக் கூட்டத்தில் பேச அவளுக்கு இடம் இல்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த வருடம் எங்கள் நெல் முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. பட்டா எப்போதோ செத்துப்போன தாத்தா பேரில். அப்பா வெளிநாட்டில். அம்மா ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தார். "பட்டாதாரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்களாம். "சுடுகாட்டுக்குத்தான் போகணும், வர்றீங்களா?" என்று அம்மா கேட்டுவிட்டு வந்துவிட்டார். இழப்பீடு கடைசிவரை வரவில்லை. நான் இந்த மையத்தை ஆரம்பித்ததற்கு அந்த நாலு நடையும் ஒரு காரணம்.

நாட்டு நிலவரமும் இதுதான். 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில், கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 76 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ சாகுபடிப் பண்ணைகளின் எண்ணிக்கையில் பெண்கள் பொறுப்பில் இருப்பது நூற்றுக்கு 14தான்.

அப்பா நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா? கல்யாணத்துக்கு நகை போட்டுவிட்டார்களே?

இந்துக் குடும்பம் என்றால் உண்டு. நகை போட்டதும் சீர் செய்ததும் பங்கைக் கழிக்காது.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம். 1989லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை அது விட்டுவிட்டது. அக்கா 1988ல் கல்யாணம், தங்கை 1990ல் கல்யாணம் என்றால், ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. 2005ல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வருடக்கணக்காக இழுபறி. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவு செய்தோ கோர்ட் மூலமோ பிரித்துக்கொண்ட பாகத்தையும், விற்றுவிட்ட நிலத்தையும் மட்டும் கிளற முடியாது.

சரி, சட்டம் இருக்கிறது. கேட்டால் பொறந்த வீடு அத்துப் போகுமே?

இதுதான் அசல் கேள்வி. என் மேசையில் யாரும் இதைச் சத்தமாகக் கேட்பதில்லை. பிரிண்ட் ஓடும்போது, பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும். புருஷன் வீட்டில் பிரச்சினை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வாசல் வேண்டும். ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்துக்காக இதையெல்லாம் இழப்பதா என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். வேறு பாதுகாப்பு ஒன்றும் இல்லாதவர்கள் போடுகிற கணக்கு வேறு எப்படி இருக்கும்? சட்டம் தெரியாமல் விட்டுக்கொடுத்தவர்களை விடத் தெரிந்தே விட்டுக்கொடுத்தவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

என்ன செய்யலாம்? நான் பார்த்த வரையில் மூன்று வழி ஓரளவு நடக்கிறது. அப்பா இருக்கும்போதே பேசிவிடுவது. அப்பா சொன்னால் அண்ணன் தம்பி முகம் சுளித்தாலும் உறவு நிற்கும். இரண்டாவது, பங்கைப் பேரில் வாங்கிக்கொண்டு, பயிரைத் தம்பியே செய்யட்டும், வருடத்துக்கு இவ்வளவு மூட்டை என்று பேசிக்கொள்வது. மூன்றாவது, அக்கா தங்கச்சி எல்லோரும் சேர்ந்து கேட்பது. தனியாகக் கேட்டால் பேராசைக்காரி, மூணு பேர் சேர்ந்து கேட்டால் பஞ்சாயத்து. ஊர் அப்படித்தான் பேசும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். "சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா, பட்டா மாத்தணும்" என்று தம்பி நீட்டுகிற தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதன் தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தால் உங்கள் பங்கு அதோடு போயிற்று. பதிவான விடுதலையைத் திருப்புவது மிகக் கஷ்டம். விட்டுத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும் தெரிந்து விட்டுக்கொடுங்கள், அதற்கு ஈடாக என்ன தருகிறார்கள் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் முஸ்லிம், பக்கத்து வீட்டில் கிறிஸ்தவர்கள். இதே சட்டமா?

இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி, மனைவிக்குப் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று. கீழக்கரைப் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஆனால் வீடு கிடைத்ததைக் காட்டி வயல் பங்கை மறக்கச் சொல்லுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925 வாரிசுரிமைச் சட்டம்: மகனும் மகளும் சமம்.

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பட்டாவை என் பேருக்கு மாற்ற மாமனார் வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

உயில் எழுதாமல் இறந்த இந்துக் கணவரின் சொந்தச் சொத்து, மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. முதலில் இறப்புச் சான்று, அடுத்து தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அப்புறம் பட்டா மாறுதல். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். தள்ளிப்போடாதீர்கள். பி.எம். கிசானில் 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குப் பணம் கிடையாது, ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசாக வந்தால் உண்டு. அதற்கும் பட்டா உங்கள் பேருக்கு வந்திருக்க வேண்டும்.

கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்த் தகவலே இல்லாமல் போனவர்களின் மனைவிமார் நிலைமைதான் மோசம். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கருதலாம் என்கிறது சட்டம். அதைக் கோர்ட்டில் நிரூபித்து வாங்க வேண்டும். அதுவரை அவள் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று எனக்கே தெரியாமல் நின்றிருக்கிறேன்.

எங்களுக்கு நிலமே இல்லை. குத்தகைக்கும் கூலிக்கும்தான் போகிறோம். எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை கூலி வேலை செய்பவர்களுக்கும் உண்டு. பயிர் இன்சூரன்சில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 1.5, மிளகாய்க்கு 5. வி.ஏ.ஓ. தரும் அடங்கலில் பயிர் செய்பவர் பேர் வர வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. பேர் ஏறினால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்டுவிடுவார்களோ என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் மழை பொய்த்தால் நட்டம் உங்களுக்கு, இழப்பீடு அவர்களுக்கு.

ஒரே கொல்லை, ஒரே வெயில். ஆணுக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலியா?

சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. கொல்லைக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

நிலக்காரர்களைக் கேட்டால் "பொம்பளைங்க பத்து மணிக்கு வந்து ரெண்டு மணிக்குக் கரையேறிடுறாங்க" என்பார்கள். உண்மைதான். காலையில் ஆறு மணிக்கே அவர்கள் வேலை ஆரம்பித்துவிட்டது என்பதைச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. மருந்தடிப்பு, வரப்பு வெட்டு, மூட்டை தூக்குவது 'ஆம்பளை வேலை'. களையும் பறிப்பும் 'பொம்பளை வேலை'. வேலையையே பிரித்து வைத்துவிட்டால் 'சம வேலை' என்ற பேச்சே எழாது.

பறிப்பு என்ன லேசான வேலையா? குனிந்த முதுகு நிமிராது. பழத்தின் காரம் விரலில் ஏறினால் ராத்திரி முழுக்கக் காந்தும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் போகாது. அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்க முடியாது, அதன் கண்ணில் பட்டுவிடும்.

நூறு நாள் வேலை வந்த பிறகுதான் கொஞ்சம் மாறியது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட். "அங்கே இவ்வளவு தர்றாங்க" என்று சொல்லிப் பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது. அதனால்தான் "நூறு நாள் வேலையால ஆள் கிடைக்கல" என்று சிலர் புலம்புகிறார்கள். கேட்ட கூலிக்கு ஆள் கிடைக்கும்.

மிளகாய் நாங்கள்தான் பறிக்கிறோம், காயவைக்கிறோம். காசு கண்ணில் படுவதில்லையே?

எங்கள் குண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படம் போட்டார்கள். களத்தில் மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருக்கும் பெண்தான் படத்தில். கமிஷன் கடையில் தராசுப் பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு பெண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

பறிப்பு, சோடை பொறுக்குவது, களத்தில் காவல் எல்லாம் வீட்டில். மூட்டை தைத்த நிமிடத்திலிருந்து ஆண். அம்மா முதல்முறை மூட்டையோடு போனபோது "ஆம்பளை யாரும் வரலையா?" என்றுதான் கேட்டார்கள். சாம்பிளுக்கு ஒரு கை அள்ளினார்கள், சாக்குக்குக் கழித்தார்கள், விதைப்புக்கு வாங்கிய முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அடுத்த தடவை அம்மா வீட்டிலேயே எடை போட்டு, துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். பேச்சு மரியாதையாக இருந்தது!

முன்பணம் வாங்கிய இடத்தில்தான் விற்க வேண்டும் என்பதுதான் உண்மையான பூட்டு. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. அது கிடைத்தால் பூட்டு திறக்கும். அதற்குச் சிட்டா வேண்டும். பாருங்கள், எங்கே சுற்றினாலும் அந்த ஒரு தாளுக்கே வந்து நிற்கிறோம். வேறு வழி என்றால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கி, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். எட்டிவயலில் குளிர்பதனக் கிடங்கும் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் வாடகை கட்டும்.

மிஷின் வந்து வேலை போச்சு. மானியத்தில் எங்களுக்கு மிஷின் கிடைக்காதா?

கதிர் அறுக்கிற மிஷின் வந்து பெண்களின் தை மாத வருமானத்தைக் கொண்டுபோய்விட்டது, ஓட்டுகிறவர் ஆண். வேளாண் பொறியியல் துறையில் பெண்களுக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 40. இந்தப் பத்துச் சதவீதத்துக்காகவே மனைவி பேரில் விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. மிஷின் வந்ததும் சாவி யார் பையில் என்று கேட்காதீர்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விவசாயியா, மீனவரா?

இரண்டு பக்கமும் விழாமல் நடுவில் நிற்பவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைக் கடலுக்குள் முங்கிக் கையால் எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். முதலாவது அகாருக்கும் மற்றது ஆல்ஜினேட்டுக்கும் போகிறது, இரண்டும் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப் பொருட்கள். அவர்கள் எடுக்கும் தீவுகள் 1986ல் தேசியப் பூங்காவாகிவிட்டன, 21 தீவுகள். அதிலிருந்து வனத்துறையோடு ஓயாத இழுபறி. பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்று, மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது என அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு இதற்காக 2015ல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது வேறு. 12க்கு 12 அடி மிதவை, 45 நாளில் அறுவடை. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம். இதற்குப் பட்டா தேவையில்லை, கடலுக்கு ஏது பட்டா? ஆனால் பெரிய அலை அடித்து மிதவை போனால் மூலதனமும் போகும். அடுத்த தவணைக்குப் பணம் புரட்ட முடியுமா என்று பார்த்து இறங்குங்கள்.

குழுக்கடன் என் பேரில்தான் வருகிறது. அதுவும் அதிகாரம்தானே?

கடன் உங்கள் பேரில், செலவு யார் கையில்? குழு நல்லதுதான். பேங்க் வாசலை எங்கள் பெண்களுக்குக் காட்டியதே குழுதான். ஆனால் தவணை கட்டத் தனியார் நிதி நிறுவனத்தில் இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடகு என்று போகிறவர்களை வாரம் இரண்டு பேராவது பார்க்கிறேன். வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள்.

கிராம சபைக்கு வரச் சொல்கிறீர்கள். எங்கே நேரம்?

நியாயம். உப்புத் தண்ணீர் ஊர்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கோ குழாயடிக்கோ போய் வரவே பாதி நாள் போய்விடும். நல்ல தண்ணீர் வாசலுக்கு வராமல் பெண் முன்னேற்றம் பற்றி யார் பேசினாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இருந்தாலும் வருடத்தில் ஆறு நாள்தான் கிராம சபை. அதில் தண்ணீருக்காகவாவது வாருங்கள்.

2026 பெண் விவசாயிகள் ஆண்டாமே?

ஆமாம், ஐ.நா. அறிவித்தது. எங்கள் ஊருக்கு இன்னும் பஸ் ஏறவில்லை.

ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண் பேரில் சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. விவசாய நிலத்துக்கும் உண்டு. இது கையில் கிடைக்கிற விஷயம், நிலம் வாங்கும்போது வீட்டில் நினைவுபடுத்துங்கள்.

மனு போட வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், மூலப்பத்திரம் அல்லது பழைய பட்டாவின் நகல், இறந்தவர் இருந்தால் இறப்புச் சான்று, ஆதாரோடு இணைத்த போன். போன் மகனிடம் இருந்தால் மகனையும் கூட்டி வாருங்கள், ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். பறிப்புக் காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: ரேகை தேய்ந்து மிஷினில் பதியாது. "நீங்க நீங்கதானான்னு மிஷின் நம்ப மாட்டேங்குது அக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சமாகிவிட்டது. முதல் நாள் இரவு கையைக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் நேரத்தோடு வாருங்கள். அப்படியும் பதியாவிட்டால் ஓ.டி.பி. இருக்கிறது, கண் ரேகை இருக்கிறது. ஏதாவது ஒன்றில் ஏற்றிவிடலாம்.